ஸ்பாக் சிரிக்கலாமா?

உங்களுக்கு மிகவும் பிடித்த தொடர்கதை ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். வாராவாரம் அதற்குப் படம் போட்டு வந்த சித்திரக்காரர் திடீரென்று மாறிவிடுகிறார். கதை அதேதான், கதாநாயகியின் பெயரும் அதேதான், ஆனால் முகவெட்டு வேறு, கொண்டை வேறு. "இவளா நம் கதாநாயகி? இருக்கவே இருக்காது!" என்று அன்று மாலையே ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டுவிட மாட்டீர்களா? போதாக்குறைக்கு, அவளுடைய கல்யாணத்துக்கு முந்திய கதையைச் சொல்லக் கிளம்பி, நாம் கேள்விப்பட்டே இராத ஒரு காதலையும் அதில் நுழைத்துவிட்டால்? கேட்பானேன்!

"ஸ்டார் ட்ரெக்" என்ற அமெரிக்க விஞ்ஞானத் தொடரின் ரஸிகர்கள் சில வருஷங்களாக இந்த அவஸ்தையில்தான் இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1966 செப்டம்பர் 8-ந் தேதி என்.பி.ஸி. டெலிவிஷனில் ஆரம்பமான தொடர் அது. ஜீன் ராடன்பெரி என்பவருடைய சிருஷ்டி. இன்னும் சில நூறு வருஷங்கள் கழித்து நடக்கும் கதை. "என்டர்பிரைஸ்" என்னும் விண்கப்பல் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றி வருகிறது. காப்டன் கிர்க் அதன் தலைவர். அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பாக். கூரிய காது, ஏறிய புருவம். அப்பா வல்கன் கிரகத்தவர். அம்மா நம் பூமியைச் சேர்ந்தவள். வல்கன்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பதில்லை, கண் கலங்குவதில்லை. எதையும் தர்க்கத் தராசில் நிறுத்துப் பார்ப்பவர்கள். லெனார்ட் நிமாய் என்ற நடிகர் ஒரே ஒரு புருவத்தை உயர்த்தியே அந்த வேஷத்தை அமரத்துவம் பெறச் செய்துவிட்டார். மொத்தம் 79 கதைகள் வந்தன. 1969 ஜூன் 3-ந் தேதியோடு தொடர் நின்றது. ஆனால் ரஸிகர்கள் நிற்கவில்லை.

இத்தனை காலம் கழித்து, 2022 மே 5-ந் தேதி, "ஸ்டிரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்" என்ற பெயரில் ஒரு முன்கதைத் தொடர் பாரமவுண்ட் பிளஸ்ஸில் ஆரம்பமாயிற்று. அதே என்டர்பிரைஸ் கப்பல். ஆனால் கிர்க் அதற்குத் தலைவராக வருவதற்கு முந்திய வருஷங்கள். காப்டன் பெயர் பைக். ஸ்பாக் இருக்கிறான், வாலிபனாக. பழைய தொடரில் செய்திக் கருவியின் முன் உட்கார்ந்திருந்த உஹுரா இதில் பயிற்சி மாணவி. நர்ஸ் சாப்பல் இருக்கிறாள். எல்லாம் தெரிந்த பெயர்கள். எல்லாம் தெரியாத முகங்கள்.

இனிச் சண்டைக்கு வருவோம்.

பழைய ரஸிகர்களில் ஒரு கட்சிக்கு முதல் குறை ஸ்பாக்கைப் பற்றியதுதான். ஈதன் பெக் என்ற இளைஞர் (ஹாலிவுட் நடிகர் கிரகரி பெக்கின் பேரன்) நடிக்கும் இந்தப் புது ஸ்பாக் புன்னகை செய்கிறான். காதலிக்கிறான். 2023-ல் வந்த ஒரு கதையில் எல்லாரும் பாட ஆரம்பிக்க, இவனும் நெஞ்சு உடைந்து பாடுகிறான். "எங்கள் ஸ்பாக் பாடுவானா? அவன் அடக்கி வைத்ததால் அல்லவா அவனைப் பார்த்து நாங்கள் உருகினோம்? அணையைத் திறந்துவிட்டு ஆற்றைக் காட்டினால் அதில் என்ன அதிசயம்?" என்பது அவர்கள் வாதம். சும்மா தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல.

அதற்கு எதிர்க்கட்சி கொண்டு வரும் சாட்சி சுவாரசியமானது. 1966-க்கும் முன்னால், 1964-ல், ராடன்பெரி மாதிரிக்காக "தி கேஜ்" என்று ஒரு கதையைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அதில் காப்டன் கிர்க் கிடையாது, பைக்தான் காப்டன். ஜெஃப்ரி ஹன்டர் நடித்தார். நிமாய் ஸ்பாக்காக வருகிறார். வேற்றுக் கிரகத்தில் நீல இலைகள் இசை எழுப்புவதைக் கேட்டு அந்த ஸ்பாக் பல் தெரியச் சிரிக்கிறான்! ஆகவே, முதன்முதல் ஸ்பாக்கே சிரித்த ஸ்பாக்தான்.

அப்படியானால் அவனுடைய பிரசித்தி பெற்ற தர்க்கமும் நிதானமும் எங்கிருந்து வந்தன? இங்கேதான், சகோதரிகளே, நமக்குக் கொஞ்சம் கோபம் வர வேண்டிய இடம். அந்த முதல் கதையில் கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண். "நம்பர் ஒன்" என்று மட்டுமே அவளை அழைப்பார்கள். மேஜல் பாரட் என்ற நடிகை. குளிர்ந்த மூளை, பதறாத பேச்சு, எல்லாம் அவளுடையவை. என்.பி.ஸி.காரர்களுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. மூளைக்கு ரொம்ப வேலை கொடுக்கிறது என்றார்கள். வேறு ஒன்று எடுத்துவரச் சொன்னார்கள். ஒரு பெண்ணை அந்த ஸ்தானத்தில் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்று ராடன்பெரி பிற்காலத்தில் சொல்லி வந்தார். அவருடன் வேலை பார்த்தவர்களில் சிலர் அதை மறுத்து, ஆட்சேபணை அந்த நடிகையைப் பற்றித்தான் என்றார்கள். எது எப்படியோ, இரண்டாவது முயற்சியில் நம்பர் ஒன் இல்லை. அவளுடைய நிதானத்தைக் கழற்றி ஸ்பாக்குக்குப் போட்டுவிட்டார்கள், வீட்டுப் பெண்ணின் சங்கிலியை எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் போடுவதைப் போல.

பாரட் அம்மாளுக்கு என்ன மிஞ்சியது தெரியுமா? பொன்னிறக் கூந்தலை வைத்துக்கொண்டு அதே தொடரில் நர்ஸ் சாப்பலாக வந்தார். கப்பலை நடத்தியவள், அந்தக் கப்பல் அதிகாரிக்காக ஏங்கும் நர்ஸாக ஆனாள்! 1966 செப்டம்பரில் வந்த கதையில் ஒரு விசித்திர நோயின் வேகத்தில் ஸ்பாக்கிடம் தன் காதலைச் சொல்லிவிடுகிறாள். 1967-ல் ஒரு கதையில் அவனுக்காக ப்ளோமீக் சூப் என்னும் வல்கன் பதார்த்தத்தைத் தன் கையால் தயாரித்து எடுத்துப் போகிறாள். அவன் கிண்ணத்தோடு அதைத் தூக்கி வெளியே வீசுகிறான். சாப்பலைப் பற்றிப் பழைய தொடரில் நினைவில் நிற்பது பெரும்பாலும் இந்தச் சூப்தான்.

2022-ல் வந்த சாப்பலைப் பாருங்கள். ஜெஸ் புஷ் என்ற ஆஸ்திரேலிய நடிகை. கேலியும் துணிச்சலும் விஞ்ஞானப் புலமையும் உள்ளவள். பாட்டுக் கதையில் அவளுக்குப் பெரிய ஆராய்ச்சி வாய்ப்பு ஒன்று கிடைக்கிறது. ஆட்டமும் பாட்டமுமாக அவள் அதைக் கொண்டாட, ஓரத்தில் நின்று மனம் உடைகிறவன் ஸ்பாக்! சூப் கிண்ணம் கை மாறிவிட்டது.

ரஸிகைகள் பலருக்கு இது பரம திருப்தி. ஆனால் பழைய கட்சி விடுவதாக இல்லை. "அவனைக் காதலித்து, அவளாகவே விட்டுப் போனவள், பிறகு எப்படி ஒன்றும் நடவாதது போல் சூப் எடுத்து வருவாள்? கதை ஒட்டவில்லையே!" என்கிறார்கள். "அப்படி ஒரு பழைய உறவு இருந்ததால்தான் அந்தச் சூப்புக்கு இப்போது கனம் கூடுகிறது" என்பது புதுக் கட்சியின் பதில். எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஒப்புகிறது. பழைய தொடரில் சாப்பலுக்கு நடந்தது நடந்ததுதான். புதியவர்கள் அவளுக்கு எத்தனை அழகான வாலிபத்தைக் கொடுத்தாலும் அவள் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கதவு வாசல்தான். முன்கதைக்காரர்களால் அவளை அங்கிருந்து மீட்க முடியாது. அங்கே நிற்கிறவள் யார் என்று நமக்குத் தெரியப்படுத்தத்தான் முடியும். அதனால் அந்தப் பழைய காட்சி முன்னைவிட அதிகமாக வலிக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பதில்தான் அவர்களுக்குள் சண்டையே.

ஸ்பாக்கின் நிச்சயதார்த்த விவகாரம் இதைவிட ருசியானது. வல்கனில் பால்ய நிச்சயம் உண்டு. ஏழாவது வயதிலேயே ஸ்பாக்குக்கும் டி'ப்ரிங் என்ற பெண்ணுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 1967-ல் வந்த அதே சூப் கதையில் அவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். நின்று, "இவன் வேண்டாம்" என்று சொல்லி, ஸ்பாக்கும் கிர்க்கும் ஒருவரோடு ஒருவர் உயிர்ப் போர் செய்யும்படி ஏற்பாடு செய்துவிடுகிறாள். அதிலிருந்து அவள் வில்லி. அவள் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கவில்லை.

புதுத் தொடரில் அவளுக்கு உத்தியோகம் இருக்கிறது, அபிப்பிராயம் இருக்கிறது, ஸ்பாக்கின்மேல் பிரியமும் இருக்கிறது. 2023-ல் "ஷரேட்ஸ்" என்ற கதையில் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு விபத்து. வேற்றுலகவாசிகள் ஸ்பாக்கைப் பிழைக்க வைக்கிறார்கள், ஆனால் அவனுடைய வல்கன் பாதியை விட்டுவிட்டு முழு மனிதனாக! அவன் பன்றிக்கறியை மோப்பம் பிடித்துச் சாப்பிடுகிறான். எடுத்ததற்கெல்லாம் கோபம், சிரிப்பு. அம்மா அமாண்டா அவசரமாக வந்து, வல்கன் மாதிரி நடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து, முகம் சுளிக்காமல் ஊற்ற வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் மாமியார் அம்மாளோ, மனிதப் பெண்ணான அமாண்டாவைக் குத்திப் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஸ்பாக் கடைசியில் எழுந்து, இத்தனை வருஷம் வல்கனில் தன் தாய் பட்ட சிரமத்தை எடுத்துச் சொல்லி, அவளுக்காகப் பேசுகிறான். டி'ப்ரிங்குக்கோ இவன் தன்னிடம்கூட உண்மையை மறைத்துவிட்டானே என்று வருத்தம். அவள் விலகிப் போகிறாள்.

இந்தக் கதையை ரஸித்தவர்கள் ஒருபுறம். "மனித உணர்ச்சி என்றால் பன்றிக்கறியும் முன்கோபமும்தானா? ஸ்பாக்கின் அந்தரங்கப் போராட்டத்தைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள்" என்று முகம் சுளித்தவர்கள் இன்னொருபுறம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், தாய்க்காக அவன் பேசும் அந்த ஒரு நிமிஷத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் இது முதல் சண்டை அல்ல. 2017-ல் "டிஸ்கவரி" என்ற தொடர் வந்தது. அதுவும் கிர்க் காலத்துக்கு முந்திய கதைதான். அதன் கதாநாயகி மைக்கேல் பர்னம். ஸோனெக்வா மார்ட்டின்-கிரீன் நடித்தார். ஸ்பாக்கின் பெற்றோர் எடுத்து வளர்த்த பெண்ணாம் அவள்! "ஐம்பது வருஷமாக ஸ்பாக் ஒரு தங்கையைப் பற்றியோ அக்காளைப் பற்றியோ மூச்சுவிடவில்லையே?" என்று கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலில் சில தொண்டைகள் கதையின் ஒழுங்குக்காகக் கத்தவில்லை. ஒரு கறுப்பு இனப் பெண் நடுநாயகமாக நின்றதைப் பொறுக்காமல் கத்தின. அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் கதை ஒழுங்குக்காகக் கேட்டவர்களுக்குப் பதில் பழைய தொடரிலேயே இருக்கிறது. 1967-ல் ஒரு கதையில் கிர்க் மரியாதைக்குரிய வல்கன் தூதர் ஒருவரையும் அவர் மனைவியையும் கப்பலில் வரவேற்கிறார். அவர்கள்தான் தன் அப்பா, அம்மா என்று அந்த நிமிஷம் வரையில் ஸ்பாக் சொல்லவே இல்லை! 1989-ல் வந்த சினிமாவில் திடீரென்று ஒரு மாற்றாந்தாய்ச் சகோதரன் வேறு முளைத்தான். வீட்டு விஷயத்தை வெளியில் பேசாத பிள்ளை என்றால் அவனை அல்லவா சொல்ல வேண்டும்?

"டிஸ்கவரி"யின் இரண்டாவது ஸீஸனில், 2019-ல், காப்டன் பைக்காக ஆன்ஸன் மவுன்ட்டும், நம்பர் ஒன்னாக ரெபெக்கா ரோமினும், ஸ்பாக்காக ஈதன் பெக்கும் வந்தார்கள். உடனே காற்று மாறியது. "இவர்களுக்குத் தனித் தொடர் வேண்டும்" என்று ரஸிகர்கள் கேட்டார்கள். 2020 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. தலைமுறை தாண்டி வந்த நம்பர் ஒன்னுக்கு இப்போது ஊனா என்று ஒரு பெயரும் இருக்கிறது. தன் பிறப்பு ரகசியத்துக்காகக் கோர்ட்டில் நிற்கும் ஒரு கதையே இருக்கிறது.

ரஸிகர்களுக்கு இத்தனை உரிமை யார் கொடுத்தது என்று கேட்பீர்கள். அவர்களே எடுத்துக்கொண்டதுதான். 1967-ன் கடைசியில், தொடர் நிறுத்தப்படப் போகிறது என்ற பேச்சு அடிபட்டது. கலிபோர்னியாவில் பீஜோ டிரிம்பிள் என்ற பெண்மணி கணவருடன் சேர்ந்து ஒரு கடித இயக்கத்தை ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் கிடையாது. விலாசம், தபால்தலை, பொறுமை, இவ்வளவுதான். என்.பி.ஸி. அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1-ந் தேதி, தொடர் நிற்காது என்று டெலிவிஷனிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய வருஷமே நியூயார்க்கில் இரண்டு பெண்கள், தேவ்ரா லாங்ஸம், ஷெர்னா காமர்ஃபோர்ட், "ஸ்பாகனேலியா" என்று ஒரு ரஸிகர் பத்திரிகையை ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கென்றே வந்த முதல் ரஸிகர் பத்திரிகை அதுதான். 1976-ல் கடிதங்கள் எழுதியே அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு "என்டர்பிரைஸ்" என்று பெயர் வைக்கச் செய்தவர்கள் இவர்கள். அவர்கள் எழுதிக் காப்பாற்றிய ஸ்பாக்கை யாரோ வந்து பாடவைத்தால் சும்மா இருப்பார்களா?

உஹுரா விஷயத்தில் மட்டும் சண்டை அதிகம் இல்லை. அந்தப் பாத்திரத்தைப் பழைய தொடரில் நடித்தவர் நிக்கெல் நிகல்ஸ். முதல் ஸீஸன் முடிந்ததும் விலகிவிட நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். நிகல்ஸ் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1977 முதல் அவர் நாஸாவுக்காக ஊர் ஊராகச் சென்று பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளிப் பணிக்கு அழைத்தார். 1992-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணான மே ஜெமிஸன், உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். இவ்வளவு பெருமை இருந்தும், 1960-களின் தொடரில் அந்தப் பாத்திரத்துக்கு முதற்பெயர்கூடக் கிடையாது. "ந்யோட்டா" என்ற பெயர் திரையில் ஒலித்தது 2009-ல்தான். 1991-ல் வந்த சினிமாவில் கிளிங்கன் பாஷை பேசத் தெரியாமல் அவள் புத்தகங்களைப் புரட்டித் தடுமாறுவதாக ஒரு காட்சி. புதுத் தொடரின் உஹுராவோ பாஷைகளில் மேதை. குடும்பத்தை விபத்தில் இழந்தவள். இந்தக் கப்பலில் இருப்பதா போவதா என்று தெரியாமல் தவிக்கும் பெண். ஸீலியா ரோஸ் குடிங் நடிக்கிறார். முதல் ஸீஸன் முடிந்த சில வாரங்களில், 2022 ஜூலை 30-ந் தேதி, நிகல்ஸ் காலமானார்.

கார்ன் என்ற பல்லி இனத்தாரைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. 1967-ல் அவர்கள் ரப்பர் உடையில் மெதுவாக நடந்தார்கள். "எதிரி என்று நினைத்தோமே, அவர்கள் தங்கள் இடத்தைக் காக்கத்தான் சண்டை போட்டார்களோ?" என்று கிர்க்கை நினைக்க வைத்த கதை அது. புதுத் தொடர் அவர்களை வெறும் கொடூரப் பிராணிகளாக ஆக்கியபோது, அந்தத் தர்மமே போயிற்றே என்று வருந்தியவர்கள் பலர். 2025-ல் ஒரு கதையில் விமானி ஆர்ட்டெகாஸும் ஒரு கார்னும் தனியாக மாட்டிக்கொண்டு சிநேகமாகிறார்கள். வருத்தம் கொஞ்சம் தணிந்தது.

எந்தக் கட்சியும் அதிகம் குறை சொல்லாத பாத்திரம் காப்டன் பைக். 1964-ல் எடுத்த கதையில், கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் நிற்பது தனக்குப் பழக்கப்படவில்லை என்று முணுமுணுத்த அதே பைக், இப்போது தன் அறையில் அடுப்பு மூட்டித் தன்கீழ் வேலை செய்பவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்! ஆனால் அவரை மறக்க முடியாமல் செய்வது சமையல் அல்ல. 1966 நவம்பரில் வந்த கதை அவருடைய முடிவைச் சொல்லிவிட்டது. பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப் போய், கதிர்வீச்சில் உடல் சிதைந்து, சக்கர நாற்காலியில் கிடக்கிறார். பேச்சில்லை. விளக்கு ஒரு தடவை மின்னினால் "ஆம்". இரண்டு தடவை மின்னினால் "இல்லை".

முன்கதை என்றாலே முடிவு நமக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. இங்கே அதையும் புரட்டிவிட்டார்கள். 2019-லேயே பைக் தன் வருங்காலத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். முதல் ஸீஸனின் கடைசிக் கதையில் அதைத் தவிர்க்கப் பார்க்கிறார். தவிர்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குக் காட்டப்படுகிறது: யுத்தம் மூளும், ஸ்பாக் சிதைந்து போவான். நாற்காலியை ஏற்றுக்கொள்கிறார். பிறகு மறுபடியும் அடுப்படிக்கு வந்து யாருக்கோ சமைக்கிறார். பழைய ரஸிகர், புதிய ரஸிகர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் இது.

ஐந்தாவது ஸீஸனோடு, ஆறே கதைகளில், தொடரை முடித்துவிடப் போவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். ரஸிகர்கள் இப்போது விரல்விட்டுக் கணக்குப் போடுகிறார்கள். கிர்க் நாற்காலிக்கு வர வேண்டும். பைக் இறங்க வேண்டும். சாப்பல் கதையும் ஒட்ட வேண்டும். மூன்றாவது ஸீஸனில் அவள் டாக்டர் ரோஜர் கோர்பி என்ற விஞ்ஞானியோடு திரும்பி வந்திருக்கிறாள். இருவருக்கும் நடுவில் உண்மையான காதல். பழைய கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே வயிற்றைப் பிசைந்தது. 1966 அக்டோபர் 20-ந் தேதி வந்த கதையில், காணாமற்போன கோர்பியைத் தேடித்தான் சாப்பல் என்டர்பிரைஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பனி மூடிய ஒரு கிரகத்தின் அடியில், குகைக்குள், அவனைக் கண்டுபிடித்தும் விடுகிறாள். அதே முகம், அதே குரல். கையின் தோல் கிழியும்போதுதான் உள்ளே யந்திரம் தெரிகிறது.